சார் டீ குடிப்பதில்லை

ஜூலை 15, 2025, தேவிகுளம், கேரளம்

மழை விடவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் புதிய அதிகாரி காலை மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறார். முன்பிருந்தவர் தாமதமாக ஜீப்பில் வருவார், இறங்காமலே கத்துவார். அவர் மாறிப்போய் மாதங்கள் ஆகியும், மேற்பார்வையாளர்களில் இருவர் இன்னும் அவருடைய சொற்களையே, அதே இழுப்போடு, கொழுந்து எடுக்கும் பெண்களிடம் பேசுகிறார்கள். ஆள் போனாலும் குரல் போகவில்லை.

ஜூலை 19

ஈரக் கொழுந்துக்கு எடையில் கழிப்பது வழக்கம்தான்; எவ்வளவு கழித்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. புதியவர் தராசுப் பக்கத்தில் நின்று, கழித்த கிலோவைச் சத்தமாகச் சொல்லிவிட்டு எழுதுகிறார். இன்று அவர் இல்லாதபோது கணக்கரும் அப்படியே சத்தமாகச் சொன்னார். யாரும் உத்தரவு போடவில்லை.

ஜூலை 22

கேரள முன்னாள் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் நேற்று இறந்துவிட்டார். வயது 101. இன்று மாநிலம் முழுவதும் விடுமுறை. அம்மா தொலைக்காட்சி முன்னாலிருந்து எழவே இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த தேயிலைத் தோட்டப் பெண்களில் அம்மாவும் ஒருவர். அப்போது தினக்கூலி 232 ரூபாய். 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆகக் குறைத்ததுதான் பொறி. ஆனால் கோபத்தில் பாதி தொழிற்சங்கத் தலைவர்கள் மேல். சந்தா எங்களுடையது, வசதி அவர்களுக்கா என்பதே கேள்வி. எந்தத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. வி.எஸ்.ஸை மட்டும் விட்டார்கள். அவரும் ஒரு கட்சித் தலைவர்தானே என்று அம்மாவிடம் கேட்டேன்.

“தொண்ணூறைத் தாண்டிய மனிதர் எங்களோடு வந்து உட்கார்ந்தார். முடிவு வரும்வரை எழுந்து போகவில்லை. மற்றவர்கள் வந்த காரில் போனார்கள்” என்றார்.

மலையாளத்தில் அவர் பேசியது முழுவதும் புரிந்ததா என்றேன். உட்கார்ந்தது புரிந்தது என்றார். அந்தப் போராட்டத்தில் உருவான பெண்கள் அமைப்புக்குள்ளேயே பின்னாளில் பிளவு வந்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஜூலை 24

நல்லவரைப் பார்த்தும் கெடலாம் போலிருக்கிறது. புதியவர் பத்து மணிக்கு டீ குடிப்பதில்லை, சரிவில் நடந்துகொண்டே இருக்கிறார். அதனால் மேற்பார்வையாளர்களும் குடிப்பதில்லை. அவர்கள் நிற்பதைப் பார்த்து, பெண்களும் கத்தரியைக் கீழே வைக்கத் தயங்குகிறார்கள். மூத்த அக்கா ஒருவர் என்னிடம், “தம்பி, சாரிடம் நீயே சொல்லு, இடுப்பு விட்டுப்போகிறது” என்றார்.

சொன்னேன். அவருக்கு வயிற்றுப்புண்ணாம், டீ ஒத்துக்கொள்ளாதாம். “நான் குடிக்கக் கூடாது என்றா சொன்னேன்?” என்று கேட்டார். சொல்லவில்லை சார், ஆனால் நீங்கள் உட்காரவில்லையே என்றேன்.

ஜூலை 25

பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து, பத்து மணிக்குப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். இடைவேளை கொஞ்சம் நீண்டது. கணக்கர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முனகினார். அவருக்கும் ஒரு மூடி வெந்நீர் கிடைத்தது.