ஜெர்மனி ஒர்க்கேம்ப்புக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு

ஒர்க்கேம்ப் என்றால் இரண்டு மூன்று வாரம், பல நாட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், ஏதோ ஒரு கிராமத்தில் காட்டுப் பாதையைச் சீர் செய்வது, பழைய கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி வேலை. தங்க இடமும் சாப்பாடும் முகாம் நடத்தும் அமைப்பின் பொறுப்பு. விமானம், விசா, இன்சூரன்ஸ் நம் பொறுப்பு. 1920-ல் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் பியர் செரெசோல், முதல் உலகப் போரில் நாசமான ஒரு பிரெஞ்சு கிராமத்தை வெர்டூன் பக்கத்தில் சீரமைக்கப் போனதிலிருந்து தொடங்கிய வழக்கம். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு அவர் பீகாருக்கும் வந்து வேலை பார்த்திருக்கிறார்.

வேலை கஷ்டமில்லை. போய்ச் சேருவதற்குள்தான் பாடு. அதிலும் நம் ஊர்க்காரர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல்.

பாஸ்போர்ட்டில் பெயர் ‘முருகன் செல்வராஜ்’, குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று வைத்துக்கொள்வோம். முகாமுக்குப் பதிவு செய்யும் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. சட்டென்று ‘எஸ்’ என்று போட்டுவிடுவார்கள். அழைப்புக் கடிதம் ‘முருகன் எஸ்’ என்று வரும், இன்சூரன்ஸ் ‘எஸ். முருகன்’ என்று வரும், டிக்கெட்டில் முழுப் பெயர் இருக்கும். விசா அதிகாரி மேஜையில் மூன்று ஆசாமிகள்! பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை அமைப்புக்கு மெயிலில் அனுப்பி, “கடிதத்தில் பெயர் எழுத்துக்கு எழுத்து இப்படியே இருக்க வேண்டும், பாஸ்போர்ட் எண்ணும் வேண்டும்” என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள்.

அந்தக் கடிதத்தில் முகாம் நடக்கும் முகவரி, தொடங்கும் முடியும் தேதிகள், என்ன வேலை, சம்பளம் கிடையாது என்ற வரி, தங்கலும் சாப்பாடும் யார் செலவு என்பது எல்லாம் இருக்க வேண்டும். நீங்கள் எழுதும் விளக்கக் கடிதமும் இதையே சொல்ல வேண்டும். ‘டூரிஸ்ட் என்று போட்டால் சுலபம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயண நோக்கம் ஒட்டவில்லை என்பதும், திரும்பிப் போவாரா என்ற சந்தேகமும் விசா மறுப்புக்கு வழக்கமான காரணங்கள். இரண்டாவதற்கு மருந்து கல்லூரி போனஃபைடு அல்லது அலுவலக லீவ் லெட்டர், சில மாத பேங்க் ஸ்டேட்மென்ட். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் கொட்டிய இரண்டு லட்சம் உதவாது, உறுத்தும்.

விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. ஜூலை, ஆகஸ்ட் முகாமுக்கு ஏப்ரலிலேயே அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது ‘தங்கும் நாட்கள்’ கட்டத்தை. செல்லுபடியாகும் தேதி வரம்பு அதைவிட நீளமாக இருக்கும். அதைப் பார்த்து, முகாம் முடிந்து ஊர் சுற்ற ஒரு வாரம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நாட்கள் 20 என்றால் 20தான். இறங்கிய நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும்.

அடுத்து கடைசி இருபது கிலோமீட்டர். முகாம் கிராமத்தில், ஒன்றுகூடும் நாளோ பல சமயம் சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கிராமப் பஸ் ஓடாமலே இருக்கலாம். சில ஊர்களில் ‘ரூஃப்புஸ்’ உண்டு. முன்கூட்டி போன் செய்து சொன்னால்தான் வண்டி கிளம்பும். கடைகளும் ஞாயிறு மூடல். ஒரு நாள் முன்பே பக்கத்து நகரத்துக்கு வந்துவிடுவது நல்லது. மலிவு ரயில் டிக்கெட்டை விமானம் இறங்கும் நேரத்தோடு ஒட்டி வாங்காதீர்கள். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும், விமானம் தாமதமானால் பணம் போச்சு. 2026-ல் 63 யூரோவுக்கு விற்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் உள்ளூர், வட்டார ரயில், பஸ்களில் போகலாம், ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர விரைவு ரயில்களில் ஏறக் கூடாது. ஆனால் அது மாதச் சந்தா. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசும் போகும்.

பெட்டியில் முழுக்கால் பேன்ட், கணுக்காலை மூடும் ஷூ, நீளமான சாக்ஸ் கட்டாயம். புல்வெளி வேலையில் உண்ணி ஏறும். பேன்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், இரவு முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய் விடக் கூடாது. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சில நாள் கழித்து அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் போயாக வேண்டும்.

சமையல் முறை வைத்து நடக்கும். உங்கள் முறையும் வரும். நெய், பால்கோவா கொண்டு போக முடியாது, ஐரோப்பாவில் பால், இறைச்சிப் பொருளுக்குத் தடை. மீனுக்கும் அளவு விதி உண்டு என்பதால் கருவாட்டு வம்பே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் நுழையாது. வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. சாம்பார்ப் பொடி, பெருங்காயம், கடுகு, புளி போதும்; பெருங்காயத்தை மட்டும் இரண்டு கவரில் கட்டுங்கள். 15 பேருக்கு எலுமிச்சை சாதம் என்றால் ஒன்றரைக் கிலோ அரிசி. மின் அடுப்பு சூடேற நேரமெடுக்கும், அணைத்தாலும் சூடு அடங்காது. கடுகு வெடித்ததும் பாத்திரத்தையே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தாளிப்பு கருகிவிடும்.