ரொம்ப நல்லவளா இருக்கக் கூடாது

"அழுதுகிட்டே இருக்காத பொண்ணு கதை ஏதாவது இருந்தா குடுக்கா. ரொம்ப நல்லவளாவும் இருக்கக் கூடாது."

பக்கத்து வீட்டுப் பெண் இன்று இப்படித்தான் கேட்டாள்.

யோசிக்கவே இல்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளை எடுத்துக் கொடுத்தேன். 1994இல் வந்த நாவல்.

அழுகை இருக்கிறது, நிறையவே. ஆனால் கதையின் நாயகி ஆரோக்கியம் அழுதபடியே ஊர்த்துணி வெளுப்பாள், வீடு வீடாகப் போய்ச் சோறு எடுப்பாள். காலம் மாறுகிறது, பிள்ளைகள் வேறு வழி தேடுகிறார்கள். அவளுக்கோ மிதிக்கிற ஊர்தான் சாமி. படிக்கும்போது அவள்மேல் அவ்வளவு கோபம் வரும். விட்டுப் போகவும் மனசு வராது.

புத்தகத்தின் பின்னட்டையை நம்பித் தேடினால் இப்படிப்பட்ட பெண்கள் சிக்குவதில்லை. அங்கே எல்லாரும் தியாகிகள்.

அடுத்து ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்து வைத்திருக்கிறேன், தூத்துக்குடி உப்பளத்துக் கதை. அப்புறம்? நீங்கள் சொல்லுங்கள்.