ஒன்பதாவது பாட்டு காலை வாரியது

மூன்று ராத்திரி இதிலேயே போனது. அப்புறம்தான் தெரிந்தது, நான் உருட்டிக்கொண்டிருந்தது வேறு தட்டு.

நியூயார்க் ராக் குழுவான தி ஸ்ட்ரோக்ஸின் முதல் ஆல்பம் 'இஸ் திஸ் இட்' எந்த நாட்டில் என்றைக்கு வந்தது, அப்போது குழு எந்த மேடையில் நின்றது என்று இரண்டு பத்தி அட்டவணை போட்டு வருகிறேன். கூடவே ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பிரதி சேர்ப்பது கொள்கை. (கொள்கை என்று சொன்னால்தான் வீட்டில் எடுபடுகிறது.) இடது பத்தியின் முதல் வரி ஆஸ்திரேலியா, 2001 ஜூலை 30. சுற்றுப்பயணத்துக்குத் தோதாக உலகிலேயே முதலில் அங்கேதான் ஆல்பத்தை விட்டார்கள். "ஆஸ்திரேலிய முதல் அச்சுதான்" என்று ஒரு விற்பனையாளர் அடித்துச் சொல்ல, சிடியை வாங்கிவிட்டேன்.

அச்சை உறுதிசெய்ய என் வழக்கம், தட்டை வார்த்த அச்சைக் காட்டும் வார்ப்பு எண்ணைப் படிப்பது. கண்ணாடி மாதிரி மின்னும் வளையத்தில் 'எல்' என்று தொடங்கும் ஐ.எஃப்.பி.ஐ. (உலக இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு) எண் ஒன்று இருக்குமே, அது சுலபம். வதைப்பது இன்னொன்று: நடுத்துளையைச் சுற்றியுள்ள நிறமில்லாத பிளாஸ்டிக்கில் மையே இல்லாமல் பதிந்திருக்கும் அந்த வார்ப்பு எண். முதல் ராத்திரி ஸ்கேனரில் வைத்தேன். என்னுடையது சி.ஐ.எஸ். வகை, கண்ணாடியில் ஒட்டியிருப்பது மட்டுமே துல்லியமாக வரும். சிடியின் அடியில் மெல்லிய மேடு ஒன்று சுற்றி ஓடுவதால் தட்டு மயிரிழை உயரத்தில் நிற்கிறது. அதுவே போதும், எல்லாம் புகைமூட்டம். இரண்டாம் ராத்திரி டார்ச். நேர் மேலிருந்து அடித்தால் எழுத்து கரைந்து காணாமல் போகிறது. மூன்றாம் ராத்திரி தட்டின் கீழே கறுப்புக் காகிதம் வைத்து, வெளிச்சத்தைப் படுக்கைவாட்டில் பிடித்து, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன! போன் காமிராவில் பிடித்தும் விட்டேன். இந்த முறையை யார் வேண்டுமானாலும் திருடிக்கொள்ளலாம்.

அந்தச் சந்தோஷத்தில் தட்டை ஓடவிட்டேன். ஒன்பதாவதாக 'நியூயார்க் சிட்டி காப்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'வென் இட் ஸ்டார்ட்டட்' வந்தது.

அமெரிக்க சிடி. பெட்டியும் அட்டையும் மட்டும் வேறு பிரதியுடையவை. தட்டின் அடிப்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தவன் மேல்பக்கத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

இந்தப் பாட்டு மாற்றத்தையும் அட்டை மாற்றத்தையும் பலர் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு அது எரிச்சல். மூல அட்டையில் இருந்தது கோலின் லேன் எடுத்த படம், ஒரு பெண்ணின் வெற்று இடுப்பில் கையுறை போட்ட கை; அதற்கு அமெரிக்கக் கடைகள் முகம் சுளிக்கும் என்ற பயம் ஒரு பக்கம். அங்கே அட்டையில் அணுவைவிடச் சிறிய துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் படம் வந்தது. பாட்டு போனது வேறு காரணத்தால். செப்டம்பர் 25-க்குக் குறித்திருந்த சிடியை, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நிறுத்தி, நியூயார்க் போலீஸைக் கிண்டலடிக்கும் 'நியூயார்க் சிட்டி காப்ஸ்' பாட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'வென் இட் ஸ்டார்ட்டட்' போட்டு அக்டோபர் 9-இல் விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க எல்.பி. (வினைல் இசைத்தட்டு) வெளியானதே செப்டம்பர் 11 அன்றுதான். அதில் 'நியூயார்க் சிட்டி காப்ஸ்' பத்திரமாக இருக்கிறது. அந்த எல்.பி. இன்னும் என் கைக்கு வரவில்லை.

வலது பத்தி பாதிதான் முடிந்திருக்கிறது. 2000 டிசம்பரில் நியூயார்க்கின் மெர்குரி லவுஞ்ச் என்ற சின்ன இசை அரங்கில் தொடர் கச்சேரிகள். அங்கே நிகழ்ச்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்த ரயன் ஜென்டில்ஸ் வேலையை விட்டுவிட்டு இவர்களுக்கே மேலாளரானார். 2001 ஆகஸ்ட் கடைசி வாரம் இங்கிலாந்தின் ரெடிங், லீட்ஸ் இசை விழாக்கள், அது முடிந்த கையோடு 27-ஆம் தேதி பிரிட்டன் வெளியீடு. அது திங்கட்கிழமை; அமெரிக்கத் தேதிகள் எல்லாம் செவ்வாய். 2015-க்கு முன் அந்தந்த நாட்டுக்கு அதனதன் வெளியீட்டுக் கிழமை இருந்ததால், சந்தேகமான தேதி கிடைத்தால் முதலில் கிழமையைப் பார்க்கிறேன். பாதிக் குப்பை அதிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இதை முடிக்காமலேயே மனசு ரஃப் டிரேட் என்ற பிரிட்டிஷ் இசை நிறுவனம் 2001 ஜனவரியில் விட்ட 'தி மாடர்ன் ஏஜ்' ஈ.பி. (சில பாட்டுகளே உள்ள சிறு வெளியீடு) பக்கம் தாவுகிறது. அதிலுள்ள மூன்று பாட்டுகளும் ஆல்பத்தில் உண்டு, ஆனால் ஒலிப்பதிவு வேறு. அதற்குத் தனி அட்டவணை போட வேண்டியிருக்கும்.

விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கவில்லை, பதிலும் எழுதவில்லை. இப்போதைக்கு என்னிடம் அமெரிக்க சிடி இரண்டு. ஆஸ்திரேலியா கட்டத்தில் காலிப் பெட்டி. வேறொருவரிடம் பேச்சு நடக்கிறது. ஒன்பதாவது பாட்டை ஓடவிட்டு போனில் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.