பேசிவ் வாய்ஸ்: 'படு'வைப் பிடித்தால் போதும்

ஆங்கிலத் தேர்வு ரிசல்ட் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பேசிவ் வாய்ஸில் (செயப்பாட்டுவினையில்) மதிப்பெண் போவது பெரும்பாலும் டென்ஸை எந்தச் சொல்லில் ஏற்றுவது என்று தெரியாமல்தான்.

'எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும்' என்று சொல்லிப் பாருங்கள். 'எழுத' அசையவே இல்லை. காலத்தைச் சுமப்பது 'படு'. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'பி' (இஸ், வாஸ் எல்லாம் இதன் வடிவங்கள்தான்) பார்க்கிறது: இஸ் ரிட்டன், வாஸ் ரிட்டன், வில் பி ரிட்டன். மூன்றாம் வடிவமான 'ரிட்டன்' எந்த டென்ஸிலும் மாறாது. ஒவ்வொரு டென்ஸுக்கும் போடும் டேபிளை மனப்பாடம் செய்பவர்கள் செய்யட்டும். எனக்கு அது ஒட்டாது.

அதிகம் சறுக்குவது பீயிங், பீன் இரண்டிலும்தான். ஆக்டிவில் 'இங்' இருந்தால் அது 'பி'யோடு ஒட்டி பீயிங் ஆகும். 'தே ஆர் பில்டிங் எ பிரிட்ஜ்' என்பது 'எ பிரிட்ஜ் இஸ் பீயிங் பில்ட்'. பீயிங்கை விட்டு 'இஸ் பில்ட்' என்று எழுதினால் சிம்பிள் பிரசன்ட் ஆகிவிடும், மதிப்பெண்ணும் போய்விடும். ஹேவ், ஹாஸ், ஹாட் இருந்தால் பீன்: 'ஹாஸ் பீன் பில்ட்'. மேலே 'ஆர்' எப்படி 'இஸ்' ஆனது என்றும் பாருங்கள். பாலம் ஒன்றுதானே. புதிய எழுவாயைப் பார்த்துத்தான் ஒருமை, பன்மை.

தேர்வுக்கு முந்தைய இரவு பார்க்க:

- 'ஹீ கட் த ரோப்': 'கட்ஸ்' இல்லை, எனவே இறந்தகாலம். 'த ரோப் வாஸ் கட்'. புட், ஹிட், ஷட் எல்லாம் இதே பொறி.
- 'தே லாஃப்ட் அட் ஹிம்': 'ஹீ வாஸ் லாஃப்ட் அட் பை தெம்'. அட், பை இரண்டும் அடுத்தடுத்து வருகிறதே என்று 'அட்'டை அடிக்காதீர்கள்.
- 'ஓபன் த டோர்': 'லெட் த டோர் பி ஓபன்ட்'. பிளீஸ் இருந்தால் 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு...'
- 'ஹூ' கேள்விக்கு 'பை ஹூம்': 'பை ஹூம் வாஸ் த விண்டோ புரோக்கன்?' கேள்விக்குறியை மறந்துவிடாதீர்கள்.
- 'தெரியும்' என்ற பொருளில் 'நோ' (know) வந்தால் 'பை' அல்ல, 'டு': 'ஹீ இஸ் நோன் டு மீ'.
- சம்ஒன், பீப்பிள் போன்ற எழுவாய்க்கு 'பை' தேவையில்லை.

மாற்றத் தொடங்கும் முன் வினையிடம் 'எதை?', 'யாரை?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதற்குப் பேசிவ் கிடையாது. ஹேப்பன், அரைவ், டை (die) இந்த வகை. கட்டுரையில் 'ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்', அவ்வளவுதான்.