அடங்கலில் ஏறாத நெல்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, இனி பயமில்லை என்று இருந்தோம். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். தென்பெண்ணை கரை மீறி எங்கள் கழனிக்குள் புகுந்தது. வடிவதற்கு ஐந்து நாள் ஆனது.

33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரம்கூட வராது. நடவுக் கூலிக்கும் உரத்துக்குமே நான் அதைவிட அதிகம் போட்டிருந்தேன். சரி, வருவதை ஏன் விடவேண்டும்?

கிராம நிர்வாக அலுவலரும் (விஏஓ) உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்தே கணக்கெடுக்க வந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பயிர் தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் தெரிந்தது. எனக்குப் பயமே அதுதான். வேளாண் அலுவலர் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கினார். தண்டை நகத்தால் கீறிப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு இருந்த இளங்கதிர் பழுப்பாகிக் கொழகொழத்துப் போயிருந்தது. மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இன்னும் நான்கைந்து இடத்தில் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேலயே போயிடுச்சு சார்" என்றார் விஏஓவிடம்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கான அடங்கலை விஏஓ புரட்டினார். எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே சம்பா நெல் ஏறவே இல்லை. "நட்டதும் வந்து சொல்றதில்லையா?" என்று என்னைத்தான் கேட்டார். பயிரைப் பார்த்து எழுதவேண்டியது அவர் வேலை. அதை அப்போது சொல்லவா முடியும்? பேசாமல் நின்றேன். கண்ணெதிரே நெல் அழுகிக் கிடந்ததால் அங்கேயே எழுதிக்கொண்டார்.

அடுத்த சிக்கல் பட்டா. மூன்று ஏக்கரும் அப்பா, சித்தப்பா பெயரில் கூட்டுப் பட்டா. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியும் நான் பெயர் மாற்றவில்லை. நிவாரணப் பட்டியலைப் போய்ப் பார்த்தால் மொத்தப் பரப்பும் சித்தப்பா பெயரிலேயே இருந்தது. அவரிடம் சொன்னதும், "எங்க கையெழுத்துப் போடணும், காட்டு" என்றார். என் பங்கு 0.60.5 ஹெக்டேர் (சுமார் ஒன்றரை ஏக்கர்), அதற்குரிய தொகையை எனக்கே தரலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு வாரிசுச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் நகல்களையும் வைத்தேன். சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

உங்கள் ஊரில் இப்படிக் கணக்கெடுத்தால் பட்டியலை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். பெயர் மட்டும் போதாது, பரப்பையும் கணக்கு எண்ணையும் விரல் வைத்துப் படியுங்கள். என் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் விடுபட்டிருந்தது. அதைத் திருத்த இன்னொரு நடை.

பங்குனியில் செல்போனுக்குச் செய்தி வந்தது: 10,285 ரூபாய் வரவு.

இது சொந்த நிலத்துக்கு. பக்கத்தில் ஒரு ஏக்கர் குத்தகைக்கும் வைத்திருக்கிறேன், வாய்ப்பேச்சுக் குத்தகை. அதற்கான நிவாரணம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. அவர் இருப்பது சென்னையில். போன் செய்தேன். "ஊருக்கு வர்றப்போ பேசிக்கலாம்பா" என்றார். அந்தக் கழனியில் வெள்ளம் விட்டுப்போன மணலை டிராக்டர் வைத்து அள்ளி முடித்துவிட்டேன். அவர் இன்னும் ஊருக்கு வரவில்லை.