நடை சாத்துற நேரம்: டர்பன்ல ஒரு படம் எடுக்குற நாட்குறிப்பு

ஆகஸ்ட் 16, 2025, சனி

ஃபிலிம் காலேஜ்ல கடைசி வருஷ படத்துக்கு டாபிக் ஓகே ஆயிடுச்சு. 15 நிமிஷ டாக்குமெண்டரி, அறிவியலும் சாமி நம்பிக்கையும். செப்டம்பர் 7 ஞாயித்துக்கிழமை முழு சந்திர கிரகணம், தென்னாப்பிரிக்காவுல நாங்க இருக்கற டர்பன்ல ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் தெரியும், அன்னிக்கு அப்பா கோயில் நடையை சாத்துவார், நான் வெளிய நின்னு நிலாவை எடுப்பேன், அந்த ஒரு ராத்திரிதான் படம்னு எழுதிக் கொடுத்தேன். மேடம் படிச்சுட்டு, மோதல் எங்கன்னு கேட்டாங்க. ஒரு பக்கம் பூசாரி, ஒரு பக்கம் விஞ்ஞானி, ரெண்டு பேரும் முட்டிக்கணும், இல்லன்னா யாரு உக்காந்து பாப்பாங்கன்னு. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். ஆனா அந்தப் பூசாரி எங்க அப்பா.

புதுசா படிக்கிறவங்களுக்காக: எங்களுக்கு கும்பகோணம் பக்கம். எனக்கு 12 வயசு இருக்கும்போது இங்க ஒரு அம்மன் கோயில்ல பூசைக்கு ஆள் வேணும்னு அப்பாவைக் கூப்பிட்டாங்க, குடும்பத்தோட வந்துட்டோம், இப்போ டர்பன்ல இந்த சாட்ஸ்வொர்த் ஏரியாவே ஊராயிடுச்சு. கோயிலுக்கு வர்றவங்க எல்லாம் அந்தக் காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வம்சம். முதல் கப்பல் ட்ரூரோ, மெட்ராஸ்லேருந்து 342 பேரோட 1860 நவம்பர் 16 இங்க வந்து சேர்ந்துச்சு. இப்போ நெறைய வீட்ல பேச்சு இங்கிலீஷ்தான், ஆனா காவடி, தீமிதி, புரட்டாசி விரதம் ஒண்ணும் விட்டுப்போகல.

ஆகஸ்ட் 20, புதன்

அப்பா இன்டர்வியூ. வெறும் உடம்புல காலர் மைக்கை எங்க மாட்டுறதுன்னே பத்து நிமிஷம் போச்சு, கடைசியில துண்டு ஓரத்துல மாட்டினேன்.

முதல் கேள்வியே மேடம் சொன்ன மாதிரி கேட்டேன், பாம்பு நிலாவை முழுங்குதுன்னு நீங்க நம்புறீங்களாப்பான்னு. கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். "ராகுவும் கேதுவும் என்ன கிரகம்மா?" சாயா கிரகம்னேன். "சாயான்னா?" நிழல். "அப்போ எங்கிட்ட என்ன கேக்குற? பேர்லயே இருக்கே."

இருபத்தியோரு வருஷமா இந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்திருக்கேன், ஒரு நாள்கூட பிரிச்சுப் பாக்கல.

அப்புறம் ஊர்லேருந்து வரவழைச்ச பஞ்சாங்கத்தை எடுத்துட்டு வந்தார். அதுல போட்டிருக்கறது நம்ம ஊர் மணி, ராத்திரி 9.57க்கு பிடிக்குது, 1.26க்கு விடுது. அதுல மூன்றரை மணி கழிச்சாதான் டர்பன் மணி, பென்சிலால ஓரத்துல எழுதி வச்சிருக்கார், 6.27, 9.56னு. ஊர்ல எல்லாரும் தூங்குற நேரத்துல வர்ற கிரகணம் இங்க சாயரட்சை நேரத்துல வருது, அதனால அன்னிக்கு சாயங்காலப் பூசையை முன்னாடியே முடிச்சு அஞ்சு மணிக்கு நடை சாத்தணும். கணக்கு தப்பினா பூசையே தப்பிடும்னார். கேமராவை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னார், "நேரம் கணக்கு. அந்த நேரத்துல மனுஷன் என்ன பண்ணணும்ங்கிறது கணக்கு இல்ல." மறுபடி சொல்லுங்கப்பா, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்னேன், சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

"விஞ்ஞானி" பக்கத்துக்கு எங்க கோயிலுக்கு வர்ற ஒரு அங்கிள். ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் வாத்தியார், வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு காவடியும் எடுப்பார். மேடம் கேட்ட மோதலுக்கு இவரை விட பொருத்தமில்லாத ஆள் கிடைக்க மாட்டார்னு தெரிஞ்சேதான் போனேன்.

மாசா மாசம் பௌர்ணமி வருது, மாசா மாசம் ஏன் கிரகணம் வரலன்னு கேட்டேன். என் கையில இருந்த கண்ணாடி வளையல்ல ரெண்டைக் கழட்டச் சொன்னார். ஒண்ணை மேஜையில படுக்க வச்சார், அது வானத்துல சூரியன் போற பாதை. இன்னொண்ணை அதுக்குள்ள லேசா சாய்ச்சுப் புடிச்சார், அது நிலா போற பாதை, சாய்வு அஞ்சு டிகிரிதான். ரெண்டு வளையலும் ரெண்டே இடத்துல வெட்டிக்குது. பௌர்ணமி அன்னிக்கு நிலா அந்த இடத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் பூமி நிழல்ல விழும், இல்லன்னா மேலயோ கீழயோ தப்பிச்சுப் போயிடும். இந்தப் புள்ளிக்குப் பேர் ராகு, எதுத்தாப்புல இருக்கறது கேதுன்னார்.

அதோட நிக்கல. அந்தப் புள்ளிங்க ஒரே இடத்துல நிக்காது, பின்பக்கமா நகரும், ஒரு சுத்து சுத்த 18.6 வருஷம். பன்னெண்டு ராசிக்குப் பங்கு போடு, ஒரு ராசிக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம்னார். எனக்கு புல்லரிச்சுப் போச்சுங்க. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை ராகு கேது பெயர்ச்சின்னு அப்பா ஹோமம் பண்றாரே, அது இதுதான்! ராகு மத்த கிரகம் மாதிரி போகாம பின்னாடி போகும்னு பாட்டி சொல்லுவாங்களே, அதுவும் இதுதான். இந்த வருஷம்தான் ராகு கும்பத்துக்கு வந்தார், ஏழாம் தேதி சந்திரனும் கும்பத்துல, ஆவணி மாசம்ங்கறதால சூரியன் எதுத்தாப்புல சிம்மத்துல கேதுகிட்ட. ரெண்டு பேர் சொல்றதும் ஒரே வானம்.

வளையல் ஷாட் ஃபோகஸ் கொஞ்சம் போயிருக்கு. திரும்ப எடுக்கச் சொன்னா எடுப்பார், ஆனா அந்த முகம் திரும்ப வராது, இதையே வச்சுக்கப் போறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. ஷூட்டிங் இல்ல, கொழுக்கட்டைதான். ராத்திரி ஒரு விஷயம் படிச்சேன். 1825ல மெட்ராஸ்ல வெளிவந்த காலசங்கலிதம்ங்கற புத்தகத்துல ஜான் வாரன் எழுதியிருக்கார், பாண்டிச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில சோழியை அடுக்கி, மனப்பாடமா வச்சிருந்த வாக்கியங்களை வச்சு, பேப்பர்ல ஒரு எழுத்து எழுதாம அந்த வருஷம் வந்த சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காமிச்சாராம். ஆரம்பத்துக்கு 4 நிமிஷம் தப்பு, நடுவுக்கு 23, முடிவுக்கு 52. அவ்வளவுதான். அந்த மனுஷனை யாராவது கூப்பிட்டு உக்கார வச்சு, நீங்க அறிவியலா நம்பிக்கையான்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாலு வீடு தள்ளி ஒரு ஆயா இருக்காங்க, எண்பது தாண்டியாச்சு, பேரப்பிள்ளைங்க யாருக்கும் தமிழ் வராது, அதனால என்னைப் பாத்தா விடமாட்டாங்க. அவங்க வீட்ல அவங்க அம்மா காலத்து உலக்கை இருக்கு. கிரகணம் பிடிச்சா தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையை நிறுத்துவோம், தானா நிக்கும், விட்டதும் விழுந்துடும்னாங்க. இதையேதான் எங்க ஊர்லயும் சொல்லுவாங்க.

கிரகணமே இல்லாத இன்னிக்கு நிறுத்திப் பாக்கலாமா ஆயான்னு கேட்டேன். பாருன்னாங்க. பூண் போட்ட முனை தட்டையா இருக்கு, நாலஞ்சு தடவை சாஞ்சுது, ஆறாவது தடவை கையை மெல்ல எடுத்தேன், நின்னுது. கேமரா ஓடிட்டிருக்கு, எனக்கு உள்ள படபடன்னு இருக்கு, ஒருத்தரோட நம்பிக்கையை அவங்க வீட்டு முற்றத்துலயே வச்சு உடைச்சுட்டேனோன்னு. ஆயா உலக்கையையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம், "எங்கம்மா கை பட்ட உலக்கை, நீ சொன்னதும் நிக்குது பாரு"ன்னு அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கட் பண்ண கை வரல, ரொம்ப நேரம் ஓடவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்னிக்கு வீட்ல நெசமாவே சண்டை. அக்காவுக்கு ஏழு மாசம். அவ நர்ஸ், ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணி டியூட்டி. கர்ப்பிணி வெளிய போகவே கூடாதுன்னு அம்மா அழுறாங்க, லீவு போடுன்னு கெஞ்சறாங்க. அக்கா, நிழல் வயித்துப் புள்ளையை ஒண்ணும் பண்ணாதும்மா, பட்டினி கெடக்கறதுதான் பண்ணும், அன்னிக்கு வார்டுல ஆளே இல்லங்கறா. அவ சொல்றதுதான் சரி, எனக்குத் தெரியும். அதே சமயம் அம்மாவுக்கு ரெண்டாவதா பொறந்தது தங்கல, எனக்கு முன்னாடி. அந்தப் பயத்துகிட்ட போய் நான் எந்த வளையலைக் காமிக்கிறது?

அப்பா என்ன சொல்வார்னு எல்லாரும் அவரையே பாத்தோம். சாஸ்திரத்துல கூடாதுன்னுதான் இருக்கு, ஆனா அவளை நம்பி அங்க நோயாளி படுத்திருக்காங்க, நான் போன்னும் சொல்லல போகாதேன்னும் சொல்லலன்னார். எனக்கு அது போதல. அவர் தெளிவா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அக்கா ஒரு வழி கண்டுபிடிச்சா. நாலரைக்கே கெளம்பிட்டா, பிடிக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குள்ள போயிடுவேன், விட்டு விடிஞ்சப்புறம்தான் வெளிய வருவேன், சாப்பாடு மட்டும் நேரத்துக்கு சாப்பிடுவேன்னு. அம்மா பூஜை ரூம்லேருந்து ஒரு தர்ப்பையை எடுத்து, விரல் நீளத்துக்குக் கிள்ளி, முடிச்சுப் போட்டு, அக்கா யூனிஃபார்ம் பாக்கெட்ல கத்தரிக்கோலுக்கும் பேனாவுக்கும் நடுவுல சொருகினாங்க. அக்கா அசையாம நின்னா. எடுத்துட்டேன், ஒரே டேக்.

அஞ்சு மணிக்கு நடை சாத்துறதை எடுத்தேன், பித்தளைத் தாழ்ப்பாள் விழுற சத்தம் நல்லா வந்திருக்கு. அங்கேருந்து ஓடி ப்ளூ லகூன் கடற்கரை. சவுண்டு பாக்குற ஃப்ரெண்டு ஏற்கெனவே ட்ரைபாட் போட்டு வச்சிருந்தான். கடல் மேல நிலா. ஊர்ல பாத்த முயல் இந்தப் பக்கம் தலைகீழாத்தான் தெரியும், ஒம்பது வருஷமாகியும் எனக்குப் பழகல.

6.27க்கு கீழ் ஓரத்துல ஒரு கறுப்பு. சரியா பென்சில்ல எழுதின நேரம். அப்புறம் மெதுவா ஏறிச்சு, ஏழரைக்கு முழுசா மூடிச்சு, மூடினா இருட்டாகும்னு பாத்தா செவப்பு. வெளிச்சம் அவ்வளவு கொறைஞ்சதும் கேமரா ஒண்ணும் புடிக்கல, ஐஎஸ்ஓவை ஏத்தி ஷட்டரை இறக்கி தடுமாறி, நாலு நிமிஷம் போச்சு. பக்கத்துல மீன் புடிக்க வந்தவங்ககூட தூண்டிலை வச்சுட்டு மேல பாத்துட்டு இருந்தாங்க. அந்த நிமிஷம் உலகத்துல எங்கெல்லாம் பொழுது விடியுதோ எங்கெல்லாம் சாயுதோ, அந்த வெளிச்சம்தான் பூமி காத்துக்குள்ள வளைஞ்சு போய் நிலா மேல விழுதுன்னு அங்கிள் சொல்லியிருந்தார், அது தெரிஞ்சு பாக்கும்போது தெரியாம பாக்குறதை விட நெஞ்சு அதிகமா அடைக்குது.

82 நிமிஷம் செவப்பு. அப்புறம் கோயிலுக்கு ஓடினோம். 9.56 தாண்டி அப்பா ஈர வேட்டியோட வந்து, பிரகாரம் பூரா தண்ணி அடிச்சுக் கழுவி, நடை திறந்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

அக்கா நல்லபடியா வந்துட்டா. தூங்கி எந்திரிச்சதும் கேட்ட முதல் விஷயம், அந்த தர்ப்பை ஷாட்டைப் போடாதே. ஏண்டின்னேன். "என் கூட வேலை பாக்குறவங்க பாத்தா நான் பயந்துட்டேன்னு நெனைப்பாங்க, அம்மா சொந்தக்காரங்க பாத்தா அம்மா தோத்துட்டாங்கன்னு நெனைப்பாங்க. ரெண்டும் இல்ல." படத்துலயே நல்ல ஷாட் அதுதான். படத்துலேருந்து தூக்கிட்டேன். மேடம்கிட்ட சொல்லல.

செப்டம்பர் 13, சனி

ரஃப் கட் அப்பாகிட்ட போட்டுக் காமிச்சேன். செவப்பு நிலா வந்ததும் லேப்டாப் பக்கத்துல இன்னும் நகர்ந்து உக்காந்தார். அப்போதான் சொன்னார், 54 வயசாகுது, ஒரு கிரகணம்கூட கண்ணால பாத்ததில்லையாம். சின்ன வயசுலேருந்து ஒவ்வொரு தடவையும் தண்ணியில நின்னோ, சாத்தின கோயிலுக்குள்ள உக்காந்தோ ஜபம். எத்தனை கிரகணத்துக்கு நேரம் குறிச்சுக் கொடுத்திருப்பார்!

"குங்குமம் கரைச்ச மாதிரி இருக்கேம்மா"ன்னார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூணாவது தடவை நிறுத்தச் சொல்லி, பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, ஓரத்துல மணி காட்டி ஓடுற டைம்கோடையும் பென்சில் கணக்கையும் மாத்தி மாத்திப் பாத்தார்.

"உன் கேமரா ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுது."

ஃபோனை எடுத்து பக்கத்துல வச்சுப் பாத்தேன். ரெண்டு நிமிஷம்தான்.