தனிமொழிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நாடகம் பயிலும் மாணவரிடம் ஒரு தனிமொழியை, அதாவது ஒரு பாத்திரம் மேடையில் தனியே நின்று தன் எண்ணங்களைப் பேசும் பேச்சைக் கொடுத்தால், அவர் முதலில் அதை மனப்பாடம் செய்கிறார். பிறகு எந்த வரியில் குரலை உயர்த்துவது, எங்கே கண் கலங்குவது என்று முடிவு செய்துகொள்கிறார். துணை நிற்கும் மூத்த நடிகரும் பல சமயங்களில் பொறுமையிழந்து, அந்த வரியைத் தாமே நடித்துக் காட்டிவிடுகிறார். மாணவர் அந்தத் தொனியை உடனே பிடித்துக்கொள்வார். அந்தத் தொனிக்குக் காரணமான எண்ணம் மட்டும் அவரிடம் வந்து சேர்வதில்லை. வழிகாட்டுபவர் நடித்துக் காட்டுவதைவிடக் கேள்வி கேட்பதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தின் முதல் அங்கம், ஏழாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். தன் கோட்டைக்கு விருந்தினராக வந்திருக்கும் டங்கன் மன்னனைக் கொல்வதா வேண்டாமா என்று மெக்பெத் தனியே நின்று எண்ணிப் பார்க்கிறான். இதைப் பேச வரும் மாணவர்களில் பலர் முதல் வரியிலேயே கொலைகாரராகிவிடுகிறார்கள். புருவம் நெரிகிறது, குரல் கரகரக்கிறது. அவர்களிடம் ‘இப்போது எங்கிருந்து எழுந்து வருகிறாய்?’ என்று கேட்பேன். விடை நாடகப் பிரதியிலேயே இருக்கிறது. பணியாட்கள் உணவுத் தட்டுகளுடன் மேடையைக் கடந்து செல்வதோடுதான் காட்சி தொடங்குகிறது. சற்று நேரத்தில் வரும் அவன் மனைவி, மன்னர் உண்டு முடிக்கும் நேரத்தில் ஏன் வெளியே வந்தீர்கள் என்று கடிந்துகொள்கிறாள். ஆக, அவன் விருந்தின் நடுவே எழுந்து வந்தவன். அவன் கொல்ல நினைக்கும் மனிதர் உள்ளே உணவருந்திக்கொண்டிருக்கிறார். நெடுநேரம் வெளியே நிற்கவும் முடியாது. இது மனத்தில் பதிந்துவிட்டால் யாரும் அந்த வரிகளைக் கத்திப் பேசமாட்டார்கள்.

அடுத்த கேள்வி, பேச்சின் முடிவில் அவன் எங்கே வந்து நிற்கிறான் என்பது. நான் அவருடைய உறவினன், குடிமகன், விருந்தளிப்பவன், கொல்ல வருபவனைத் தடுத்துக் கதவைச் சாத்த வேண்டியவனே கத்தியை ஏந்தலாமா என்று காரணங்கள் ஒவ்வொன்றாக அவனைத் தடுக்கின்றன. கடைசியில் தன்னைத் தூண்டுவது பேராசை ஒன்றுதான் என்று கண்டுகொள்கிறான். அந்த வாக்கியம் முடிவதற்குள் மனைவி வந்துவிடுகிறாள். சிறிது நேரத்தில் அவளிடம், இந்தக் காரியத்தில் இதற்குமேல் போக வேண்டாம் என்கிறான். கொலையிலிருந்து பின்வாங்கும் பேச்சு இது என்பதைத் தாமே கண்டுபிடித்த மாணவரின் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த தருணம். அதன்பின் சக மாணவர் ஒருவரை எதிரே அமர்த்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ‘அதனால் என்ன?’ என்று கேட்கச் சொல்வேன். அந்தக் கேள்விக்கு விடையாக அடுத்த வாக்கியம் வந்தாக வேண்டும் என்னும்போது, மனப்பாடம் செய்த வரிகள் அப்போதுதான் தோன்றிய எண்ணங்களாக மாறத் தொடங்குகின்றன.

யாரிடம் பேசுகிறோம் என்பதும் முன்பே தீர வேண்டிய கேள்விதான். 1599இல் லண்டனில் எழுந்த குளோப் அரங்கில் பகல் வெளிச்சத்தில், பார்வையாளர்கள் மேடையைச் சூழ்ந்து நிற்க ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்தன. நடிகரால் அவர்களுடைய முகங்களைப் பார்க்க முடிந்தது. ஆகவே தனிமொழி என்றால் வெறுஞ்சுவரை வெறித்தபடிதான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், இருப்பதா இறப்பதா என்று ஹாம்லெட் பேசும்போது, அரசனும் அவனுடைய ஆலோசகர் பொலோனியஸும் மறைவிலிருந்து கேட்கிறார்கள். அதை அவன் அறிவானா என்பதைப் பிரதி வெளிப்படையாகச் சொல்வதில்லை. அறிவான் என்று ஒரு மாணவரும் அறியான் என்று இன்னொருவரும் கருதினால், இருவருடைய நடிப்பும் வேறுபடத்தான் செய்யும். பிரதியோடு பொருந்தும்வரை இரண்டுக்கும் இடம் கொடுப்பது வழிகாட்டியின் கடமை.

மூச்சையும் உச்சரிப்பையும் பொறுத்தவரை நான் இவ்வளவு தயங்குவதில்லை. நீண்ட வாக்கியத்தில் எங்கே மூச்செடுப்பது, கடைசி வரிசைவரை சொல் தேயாமல் சேர்ப்பது எப்படி என்பவற்றை நேரடியாகச் செய்து காட்டலாம். பொருளை மட்டும் மாணவரே தேடி எடுக்கட்டும்.